ஃபிரிட்ஜ் ஓடவில்லை, கேட்கக் கடையும் இல்லை

போன மாதம் பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு ஃபிரிட்ஜ் பார்க்கப் போனேன். வீட்டில் கணவன் மனைவி இரண்டு பேர்தான், இருவருக்கும் எழுபது வயதைத் தாண்டிவிட்டது. பெங்களூரில் இருக்கும் மகன் ஆன்லைனில் வாங்கி அனுப்பிய ஃபிரிட்ஜ். வந்து எட்டு மாதம் ஆகிறது, குளிரவில்லை. வாரண்டி இருக்கிறது. ஆனால் பில் மகனுடைய மெயிலில் கிடக்கிறது. கஸ்டமர் கேரில் புகார் பதியலாம் என்றால் ஓடிபி மகனுடைய போனுக்குப் போகிறது. அவர் வேலையில் இருக்கும்போது எடுக்க முடிவதில்லை. அவர் கூப்பிடும் நேரத்தில் கஸ்டமர் கேர் லைன் கிடைப்பதில்லை. மூன்று நாள் இப்படிப் போயிருக்கிறது. அம்மாவின் இன்சுலின் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தது.

வாரண்டியில் இருக்கும் பொருளை வெளி ஆள் பிரித்தால் கம்பெனி அப்புறம் கை கழுவிவிடும். அதனால் நான் ஸ்க்ரூ டிரைவரையே எடுக்கவில்லை. இரவு வரை காத்திருந்து மகனிடம் பேசி, அப்பாவின் நம்பரைப் பதிவு செய்ய வைத்துவிட்டு வந்தேன். வரும்போது அந்தப் பெரியவர் கேட்டார்: "முன்னெல்லாம் கடையில போய்ச் சொன்னாப் போதும் தம்பி. இப்ப யார்கிட்டப் போறது?"

24 வருடமாக டிவி, ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர் செய்கிறேன். அவர் கேட்ட கேள்வியை இப்போது வாரத்துக்கு இரண்டு முறையாவது யாராவது கேட்கிறார்கள்.

எங்கள் ஊர் பெரிய தெருவில் ஒரு டீலர் இருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கடை நடத்தினார். பொருள் வாங்கிய ஒவ்வொருவரின் பெயர், மாடல், சீரியல் நம்பர், தேதி எல்லாம் அவர் நோட்டில் இருக்கும். வாரண்டி கார்டு தொலைந்துவிட்டது என்று வந்தால் நோட்டைப் புரட்டுவார். சர்வீஸ் சென்டர் இழுத்தடித்தால் கம்பெனியின் ஏரியா மேனேஜருக்கே போன் போடுவார். "இந்த வீட்டுப் பிரச்சினை முடியாமல் அடுத்த லோடு இறக்க மாட்டேன்" என்று அவர் சொன்னால் மறுநாள் ஆள் வந்துவிடும். மாதம் நாற்பது பீஸ் எடுக்கிற டீலரின் பேச்சுக்கு இருந்த எடை, ஒரே ஒரு ஃபிரிட்ஜ் வாங்கிய நமக்குக் கிடையாது. கடை போனதில் நாம் பெரிதாக இழந்தது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் கடை ஏன் போனது? முதல் அடி மொபைலில் விழுந்தது. 2014 பிப்ரவரியில் மோட்டோ ஜி வந்தபோது ஃபிளிப்கார்ட்டில் மட்டுமே கிடைத்தது. அந்த ஜூலையில் ஷாவ்மியின் எம்ஐ 3 போனும் அப்படித்தான் வந்தது. அக்டோபர் 6-ஆம் தேதி ஃபிளிப்கார்ட் தன் முதலாவது 'பிக் பில்லியன் டே' தள்ளுபடி விற்பனையை நடத்தியது. அந்தத் தீபாவளிக்கு டீலருக்குக் கம்பெனி கொடுத்த லேண்டிங் விலையைவிட ஆன்லைனில் விற்ற விலை குறைவாக இருந்த மாடல்களை அவர் எனக்குக் காட்டினார். தான் வாங்கும் விலைக்கும் கீழே அவர் எப்படி விற்பார்? அந்நிய முதலீடு உள்ள இணையச் சந்தைகள் 'எங்களிடம் மட்டுமே விற்க வேண்டும்' என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற விதி 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் வாடிக்கையாளரின் பழக்கம் மாறிவிட்டது. இன்னொரு பக்கம் பல கிளைகள் வைத்த பெரிய ஷோரூம்கள் மொத்தமாக எடுத்து விலையைக் குறைத்தன. நடுவில் நசுங்கியது ஒற்றைக் கடைக்காரர்தான்.

கடைசி அடி கொரோனா. வெளியூர்க்காரர்கள் பலருக்கு இது புரியாது. நம் பக்கம் ஏசி, ஃபிரிட்ஜ் வியாபாரம் மார்ச் முதல் ஜூன் வரைதான். வருட வாடகையும் சம்பளமும் அந்த நான்கு மாதத்தில்தான் வர வேண்டும். அதற்காகப் பிப்ரவரியிலேயே கடனுக்குச் சரக்கு இறக்கிவிடுவார்கள். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு. அடுத்த வருடம் மே 10 முதல் மறுபடியும் முழு ஊரடங்கு. இரண்டு கோடைக்காலம் அடுத்தடுத்துப் போனால் எந்தக் கடை தாங்கும்? அந்த டீலர் 2021 கடைசியில் ஷட்டரை இறக்கினார். இப்போது அங்கே மருந்துக்கடை இருக்கிறது.

ஸ்பேர்ஸ் கடைகளின் கதையும் இதேதான். நான் தொழில் பழகியபோது சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு பஸ் ஏறிப் போய், பழைய குழாய் டிவிக்கான லைன் டிரான்சிஸ்டர் வாங்குவேன். பியு 508 என்று அதன் நம்பரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் முதலில் பழையதைக் காட்டச் சொல்வார். அப்புறம் இரண்டு விலையில் இரண்டு எடுத்து வைத்து, எது ஒரிஜினல், எது ஒரு வாரத்தில் போய்விடும் என்று அவரே சொல்லிவிடுவார். போர்டில் இருக்கும் கோளாறைச் சொன்னால் எந்த கெப்பாசிட்டரைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்வார். எனக்குப் பாதிப் பாடம் அந்த கவுன்டரில்தான் கிடைத்தது. இப்போது போர்டில் இருப்பதெல்லாம் கடுகளவு பாகங்கள், கம்பெனியும் முழு போர்டை மாற்றத்தான் சொல்கிறது. ரிச்சி தெருவில் கூட்டம் இன்னும் இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் உதிரிபாகக் கடைகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, மிச்சம் இருப்பவர்கள் சிசிடிவி கேமராவும் சார்ஜரும் விற்கிறார்கள்.

இது நம் ஊர் சங்கதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் தலைமுறை தலைமுறையாக உதிரிபாகம் விற்ற ரேடியோஷாக் 2015-இல் திவால் மனு போட்டது. இங்கிலாந்தின் மேப்ளின் 2018-இல் விழுந்தது. ஆனால் அதே அமெரிக்காவில் பெஸ்ட் பை என்ற எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இன்றும் ஓடுகின்றன. ஆன்லைன் விலையையே கடையிலும் கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்து மாட்டித் தருகிற, ரிப்பேர் செய்கிற ஆட்களையும் கைவிடவில்லை.

கடைக்காரர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஷோகேஸில் ஆறு மாதம் ஓடிய டிவியைப் புதுசு என்று தலையில் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். "பில் வேண்டாம்னா ஆயிரம் குறைச்சுக்கலாம்" என்று சொல்லி வாரண்டியையே இல்லாமல் செய்ததையும் பார்த்திருக்கிறேன். ஆன்லைனில் விலை வெளிப்படையாகத் தெரிகிறது, அது நல்லதுதான். என் மல்டிமீட்டரை நானும் அங்கேதான் வாங்கினேன். ஆனால் நல்ல கடைக்காரர் நமக்காகச் சத்தமில்லாமல் சில வேலைகள் செய்துவந்தார். அவர் இல்லாத இடத்தில் அந்த வேலைகளை இனி நாமே செய்தாக வேண்டும்.

முதலில் பில். பெற்றோருக்கு வாங்கி அனுப்பும் பிள்ளைகளுக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்கிறேன். பொருள் வந்த அன்றே பில்லைப் பிரின்ட் எடுத்து அந்த வீட்டில் ஒரு கவரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். கம்பெனியில் பொருளைப் பதிவு செய்யும்போது பொருள் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டு நம்பரைக் கொடுங்கள். பில்லில் விற்றவர் பெயர் என்ன என்று பாருங்கள். நீங்கள் ஆர்டர் போட்ட இணையதளம் வேறு, விற்பவர் வேறு. திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் சீரியல் நம்பரைச் சொல்லி, இதற்கு வாரண்டி உண்டா என்று கம்பெனியிடமே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது டெலிவரி. கடையில் வாங்கினால் கடைப் பையன் டாடா ஏஸில் ஃபிரிட்ஜை நிற்க வைத்தே கொண்டுவருவான். கூரியரில் அது படுத்தபடி வந்ததா, நின்றபடி வந்ததா என்று நமக்குத் தெரியாது. படுத்து வந்திருந்தால் கம்ப்ரஸர் ஆயில் குழாய்க்குள் போயிருக்கலாம். அது திரும்பி இறங்கச் சில மணி நேரமாவது நிற்க வைத்த பிறகுதான் சுவிட்ச் போட வேண்டும். சந்தேகம் என்றால் ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். டிவி என்றால் டெலிவரி ஆள் முன்னாலேயே பிரித்து, ஓட விட்டுப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் பெட்டியைப் பிரிப்பதிலிருந்து படம் தெரிகிற வரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். பேனல் உடைசலுக்கு வாரண்டி கிடையாது. பத்து நாள் கழித்துப் பிரித்துவிட்டு, வரும்போதே உடைந்திருந்தது என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். இப்படி டிவியைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு அழுத குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

ஏசி வாங்குபவர்கள் விலையை மட்டும் பார்க்காதீர்கள். காப்பர் பைப், ஸ்டாண்ட், டிரெய்ன் பைப் எல்லாம் தனிக் கணக்கு. இன்ஸ்டால் செய்ய வருபவர் வேக்கம் பம்ப் கொண்டு வந்திருக்கிறாரா என்று பாருங்கள். பைப்பில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் அந்த மெஷின் போட்டுத்தான் எடுக்க வேண்டும். கொஞ்சம் கேஸை வெளியே விட்டு 'காற்று போயிடுச்சு சார்' என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பத்து வருட வாரண்டி என்று போட்டிருப்பது பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும்தான். கேஸ், கூலி, பிசிபி போர்டு எல்லாம் அதில் வராது. மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் ஸ்டார் லேபிள் எந்த ஆண்டுக்கானது என்பதையும் படியுங்கள். 2022 ஜூலையில் ஏசிக்கான அளவுகோலை மாற்றியபோது பழைய ஐந்து ஸ்டார் நான்காக இறங்கியது.

சார்ஜர், அடாப்டர் வாங்கினால் அதில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மை தெரிந்துவிடும்.

எனக்கு அதிக பயம் தருவது போலி சர்வீஸ் நம்பர்கள். முன்பு நம்பர் கடைக்காரரின் பில்லிலேயே இருக்கும். இப்போது போனில் தேடுகிறார்கள். முதலில் வரும் நம்பருக்குப் பேசினால் ஒருவன் பத்து ரூபாய் கட்டச் சொல்வான், ஒரு ஆப் இறக்கச் சொல்வான், கணக்கில் இருக்கும் பணம் போய்விடும். நம்பரைப் பொருளோடு வந்த புத்தகத்திலோ கம்பெனியின் சொந்த இணையதளத்திலோ மட்டும் பாருங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

ஏரியா மேனேஜருக்குப் போன் போட ஆள் இல்லை, சரி. சட்டம் இருக்கிறது. 2020-இல் வந்த இணைய வணிக விதிகளின்படி, நீங்கள் ஆர்டர் போட்ட இணையதளம் புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கென்று ஒரு குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரை அந்தத் தளத்தில் போட்டிருக்க வேண்டும், அவருக்கே எழுதுங்கள். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே இல்லை.

உங்கள் ஊரில் நல்ல கடை ஒன்று இன்னும் இருந்தால், ஆன்லைன் விலையைக் காட்டி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவரிடம் ஒரு மணி நேரம் விளக்கம் கேட்டுக்கொண்டு, கடை வாசலிலேயே நின்று போனில் ஆர்டர் போடாதீர்கள். அது எனக்கு மனசு ஆறாத காட்சி.

பெரிய தெரு டீலர் கடையை மூடினாலும் அந்த நோட்டுகளை எடைக்குப் போடவில்லை. இரண்டு வாரம் முன்பு ஒரு அம்மாவின் ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் போய்விட்டது. 2017-இல் வாங்கியது, பில் இல்லை. டீலர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். பரணிலிருந்து பெட்டியை இறக்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அரை மணி நேரத்தில் தேதியையும் பில் நம்பரையும் எடுத்துக் கொடுத்தார். கம்ப்ரஸர் வாரண்டியில் இலவசமாக வந்தது. அந்த அம்மா கேஸுக்கும் கூலிக்கும் மட்டும் பணம் கொடுத்தார்.