எண்டோடாக்சின்: அகநஞ்சும் இதயத் தசையும்

நோய்த்தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினையாற்றுவதால் உறுப்புகள் பழுதுபடும் நிலையான செப்சிஸ் பற்றிய மருத்துவ நூல்களில் திரும்பத் திரும்ப வரும் 'எண்டோடாக்சின்' என்னும் சொல், 'உள்ளே' எனப் பொருள்படும் 'எண்டோன்' என்ற கிரேக்கச் சொல்லையும், 'டாக்சோன்' (வில்) என்பதிலிருந்து பிறந்து அம்பில் தடவும் நஞ்சைக் குறித்த 'டாக்சிகோன்' என்பதையும் அடியாகக் கொண்டது. பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஃபைஃபர், சூடேற்றிக் கொல்லப்பட்ட காலராக் கிருமிகளும் கினிப்பன்றிகளுக்கு நஞ்சாவதை 1892-இல் கண்டறிந்தார். டிப்தீரியா நஞ்சைப் போல உயிருள்ள கிருமி வெளியே சுரப்பதன்று, கிருமி சிதையும்போது அதன் உள்ளிருந்து வெளிப்படுவது இது என்று கருதியதால் இப்பெயர் அமைந்தது. அக்கருத்து ஓரளவே சரி. கிராம் சாயச் சோதனையில் ஊதா நிறத்தைத் தக்கவைக்காத கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களின் புறச்சவ்வில் பதிந்துள்ள, கொழுப்பும் சர்க்கரைத் தொடரும் இணைந்த லிப்போபாலிசாக்கரைடுதான் அந்த நஞ்சு. அதிலும் 'லிப்பிட் ஏ' என்னும் கொழுப்புப் பகுதியே தீங்கு விளைவிக்கிறது.

தமிழில் இதனை 'அகநச்சு' என்று எழுதுவோர் பலர். நஞ்சு என்பது நச்சுப்பை, நச்சுப்பொருள் எனத் தொகையின் முன்னுறுப்பாக வரும்போதே வல்லினம் பெறுகிறது. ஈற்றில் நிற்குமிடத்தில் 'அகநஞ்சு' என்பதே செம்மையான வடிவம். நச்சுயிரி என்பது வைரஸைக் குறிக்கும் சொல்லாகிவிட்டதால், இந்த வேறுபாட்டைப் பேணுவது குழப்பத்தையும் தவிர்க்கும்.

குருதியில் கலக்கும் அகநஞ்சு இதயத் தசையை அரித்து அழிப்பதில்லை. வெள்ளணுக்களிலும் இதயத் தசைச் செல்களிலும் உள்ள 'டி.எல்.ஆர். 4' என்னும் ஏற்பி அதனை உணர்ந்தவுடன், கட்டி நசிவுக் காரணி, இன்டர்லியூகின்-1 முதலிய அழற்சிப் பொருள்கள் பெருகுகின்றன; அவற்றின் தூண்டுதலால் நைட்ரிக் ஆக்சைடு மிகுதியாக உருவாக, சுருங்கும் இழைகள் கால்சியத்துக்கு முன்போல் இசைவதில்லை, மைட்டோகாண்ட்ரியாக்களின் ஆற்றல் உற்பத்தியும் தளர்கிறது. இடது கீழறை விரிகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அது வெளியேற்றும் குருதியின் விகிதம் குறைகிறது. செப்சிஸ் முற்றி இரத்த அழுத்தம் வீழும் செப்சிஸ் அதிர்ச்சிக்கு ஆளாகிப் பிழைத்தவர்களிடம் இந்தத் தளர்ச்சி ஏறத்தாழ 7 முதல் 10 நாள்களில் நீங்கியதை 1984-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். செல்கள் பெருமளவில் மடிந்திருந்தால் இவ்வளவு விரைவில் மீட்சி நேர்ந்திராது. கிருமி வெளியே சுரக்கும் புறநஞ்சான டிப்தீரியா நஞ்சோ இதயச் செல்லுக்குள் நுழைந்து புரத உற்பத்தியையே நிறுத்திச் செல்லைக் கொல்வதால், அங்கே தழும்பும் துடிப்புக் கோளாறும் எஞ்சக்கூடும்.