நேராக மாட்டிய படம் ஏன் சாய்கிறது?

எங்கள் வீட்டு ஹாலில் தஞ்சைப் பெரிய கோயிலின் கான்வாஸ் படம் ஒன்று இருக்கிறது. 90 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம். மாட்டிய புதிதில், காலையில் எழுந்ததும் அதை நேராக்குவதே ஒரு வேலையாகிப் போனது. விமானம் எப்படியும் ஒரு விரற்கடை சரிந்திருக்கும். கதவை அறைந்து சாத்துவதால்தான் என்றார் அப்பா, ஃபேன் காற்று என்றாள் அம்மா. இரண்டுமே சாய்வைத் தொடங்கிவைப்பவை மட்டும்தான். உண்மையான காரணம் படத்தின் முதுகில் இருந்தது.

கான்வாஸ் படத்தைத் திருப்பினால் ஒரு மரச்சட்டம் தெரியும். துணியை அதன் மேல் இழுத்து ஸ்டேப்ளர் பின் அடித்திருப்பார்கள். சட்டத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு வளையம், அவற்றுக்கிடையே ஒரு கம்பி. அந்தக் கம்பியை ஒற்றை ஆணியில் மாட்டினால், தூக்குக்குண்டைப் போலப் படம் தானாகவே நேராக நின்றுவிடும் என்று நாம் நம்புகிறோம். ஆனால் தூக்குக்குண்டு தொங்குவது ஒரே புள்ளியில். இங்கே கம்பி ஆணியின் மேல் நழுவ முடியும். எல்லாச் சிக்கலும் அந்த நழுவலில்தான்.

பள்ளியில் நீள்வட்டம் வரைந்தது நினைவிருக்கலாம். இரண்டு குண்டூசிகளைக் குத்தி, அவற்றில் நூலைக் கட்டி, பென்சிலால் நூலை விறைப்பாக இழுத்தபடி நகர்த்துவோம். படத்தின் முதுகில் இருப்பதும் அதே அமைப்பு. வளையங்கள் குண்டூசிகள், கம்பி நூல், ஆணி பென்சில். கம்பி நழுவ நழுவ, படம் அசையாமல் இருப்பதாக வைத்துப் பார்த்தால் ஆணி ஒரு நீள்வட்டத்தில் நகர்கிறது.

தொங்கும் எந்தப் பொருளும் தன் ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்தவே பார்க்கும். ஆணி சுவரில் அசையாமல் இருப்பதால், ஆணிக்கும் படத்தின் நடுமையத்துக்கும் உள்ள தூரம் கூடும் திசையில் படம் நகரும். கம்பி தட்டையாக இருந்தால் நீள்வட்டமும் தட்டையாகிவிடும். தட்டையான நீள்வட்டத்தின் உச்சிப்புள்ளி மையத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறது. இடமோ வலமோ போனால் தூரம் கூடுகிறது. ஆக, நாம் பாடுபட்டுக் கொண்டுவரும் அந்த நேரான நிலை, குன்றின் உச்சியில் வைத்த கோலிக்குண்டு. இயற்பியலில் இதற்கு உறுதியற்ற சமநிலை என்று பெயர்.

எவ்வளவு உறுதியற்றது என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். வளையங்களின் இடைவெளியில் பாதியை எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். வளைய மட்டத்திலிருந்து ஆணி எவ்வளவு மேலே இருக்கிறதோ அந்த அளவால் வகுங்கள். வளைய மட்டத்துக்குக் கீழே படத்தின் மையம் இருக்கும் ஆழம், இந்த விடையை விடப் பெரிதாக இருந்தால் மட்டுமே படம் தானாக நேராகும். எங்கள் படத்தில் பாதி இடைவெளி 40 செ.மீ., ஆணி 10 செ.மீ. மேலே. 40 x 40 / 10 = 160. மையத்தின் ஆழமோ வெறும் 10 செ.மீ. உராய்வு மட்டும் இல்லையென்றால் இந்தப் படம் ஒரு நொடிகூட நேராக நிற்காது. ஆணிக்கும் கம்பிக்கும் நடுவே இருக்கும் அந்த உராய்வையும் ஒவ்வொரு கதவு அதிர்வும் இம்மி இம்மியாகத் தோற்கடிக்கிறது.

நெடுக்கான படத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. 35 செ.மீ. அகலம், 90 செ.மீ. உயரம், வளையங்கள் 30 செ.மீ. இடைவெளியில், ஆணி 20 செ.மீ. மேலே, மையம் 15 செ.மீ. கீழே என்று வையுங்கள். 15 x 15 / 20 என்பது ஏறத்தாழ 11. மையத்தின் ஆழம் அதைவிடக் கூடுதல். அதைத் தள்ளிவிட்டாலும் திரும்பி வரும்.

பழைய வீடுகளில் தாத்தா பாட்டி படங்களை மாட்டியிருந்த விதம் எனக்கு இப்போதுதான் புரிகிறது. ஆணி உயரே இருக்கும், கயிறு முக்கோணமாக வெளியே தெரியும், படம் முன்பக்கம் சாய்ந்து நம்மைக் குனிந்து பார்க்கும், கீழ்ச்சட்டம் சுவரில் அடித்த கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும். ஆணி எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவுக்கு அந்த வகுத்தல் விடை சிறுக்கும். போதாததற்கு அடியில் கட்டை வேறு. கயிறு கண்ணில் படக்கூடாது என்று நாம் கம்பியைச் சட்டத்துக்குப் பின்னால் ஒளித்தபோது, அந்த உறுதியையும் சேர்த்தே இழந்தோம்.

தட்டையான கம்பி இன்னொரு கேடும் செய்கிறது. ஆணி தாங்குவது படத்தின் எடையை மட்டும்தான். ஆனால் கம்பியின் இழுவிசை, அது கிடைமட்டத்தோடு செய்யும் கோணத்தைப் பொறுத்து மாறும். 30 டிகிரியில் கம்பியின் ஒவ்வொரு பாதியிலும் படத்தின் எடை அளவுக்கே இழுவிசை. 10 டிகிரியில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, 5 டிகிரியில் ஏறக்குறைய ஆறு மடங்கு. இதில் பெரும்பங்கு சட்டத்தின் இரு பக்கங்களையும் உள்நோக்கி இழுக்கிறது. கண்ணாடிப் படத்தின் சட்டத்துக்கு உள்ளே கண்ணாடியும் அட்டையும் முட்டுக் கொடுக்கும். கான்வாஸ் சட்டத்துக்குள் வெற்றிடம்தான். மெல்லிய மரம் வளைந்தால் துணி தொய்யும். பருத்தித் துணியானால் மழைக்காலத்தில் அந்தத் தொய்வு நன்றாகவே தெரியும். பருத்தி இயல்பான சூழலிலேயே தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரத்தை வாங்கி வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது.

கம்பியைக் கழற்றிவிட்டேன். கான்வாஸின் மேல்சட்டம் நேராக இரண்டு ஆணிகளின் மேல் உட்கார்ந்தாலே போதும். ஏதாவது ஒரு முனை மேலே எழாமல் படம் சாய முடியாது. அதைத் தூக்கக் கதவின் அதிர்வுக்கு வலுவில்லை. இரு ஆணிகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ரசமட்டம் இல்லையா? கொத்தனார்கள் செய்வதுபோல ஒளி ஊடுருவும் டியூபில் தண்ணீர் நிரப்பிப் பிடியுங்கள். இரு முனைகளிலும் நீர்மட்டம் ஒன்றாகவே நிற்கும்.

சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்சுவரின் பூச்சு பெரும்பாலும் 12 மி.மீ. தடிமன். ஓர் அங்குல ஆணியில் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மீதியில் பெரும்பகுதி பூச்சிலேயே முடிந்துவிடும். செங்கல்லைப் பிடிப்பது நுனி மட்டும். தட்டிப் பார்த்து ‘டொப்’பென்று பொள்ளலாக ஒலித்தால் அங்கே பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்திருக்கிறது, வேறு இடம் பாருங்கள். துளையிட்டு ராவல் பிளக் வைப்பது நல்லது. திருகாணி உள்ளே போகப் போக பிளக் விரிந்து துளையின் சுவரை நெருக்கும்; அந்த நெருக்கத்தில் பிறக்கும் உராய்வுதான் பிடிப்பு. பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களைச் சிதைக்காமல் மின்சாதனங்களைப் பொருத்துவதற்காக, 1911 வாக்கில் ஜான் ராலிங்ஸ் சணல் நாரால் செய்த பிளக்கிலிருந்து வந்த பெயர் அது. இன்று நாம் வாங்கும் நைலான் வகைக்கு வழிவகுத்தவர் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர், 1958-இல்.

படத்தை நேராக நிறுத்த முடியாமல் கம்பியில் தோற்ற அதே உராய்வுதான், இப்போது சுவருக்குள் இருந்து பெரிய கோயிலைத் தாங்குகிறது. மாட்டி எட்டு மாதமாகிறது. விமானம் நிமிர்ந்து நிற்கிறது.