ஆட்டோபைலட்: தானியங்கி விமானியா, தானோட்டியா?

வீட்டுக் கணினியில், சிமுலேட்டர் என்ற பாவனை மென்பொருளில் விமானம் ஓட்டுபவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ராத்திரி பதினொரு மணிக்குச் சிங்கப்பூரில் கிளம்பி, மேலே ஏறி முடித்ததும் ஆட்டோபைலட்டில் போட்டுவிட்டுப் படுக்கப் போய்விடுவார்கள். மறுநாள் வேலை முடிந்து வீடு திரும்பும்போது விமானம் நியூயார்க் பக்கம் வந்திருக்கும். உட்கார்ந்து இறக்கினால் சரி. 2018 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ350-900யுஎல்ஆர் விமானத்தைக் கொண்டு தொடங்கிய, சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கை ஒட்டிய நியூவர்க் வரையிலான தடம் சுமார் 15,300 கிலோமீட்டர். ஏறத்தாழ 18 மணி நேரம். நிஜத்தில் இதற்கு நான்கு விமானிகள் முறைபோட்டு உட்காருகிறார்கள். வீட்டிலோ ஒருவர்கூட உட்காருவதில்லை.

உட்காராமலே இவ்வளவு தூரம் போக முடிவதால்தான் ஆட்டோபைலட் என்ற சொல்லுக்குள் ஒரு ஆள் ஒளிந்திருப்பதாகத் தோன்றிவிடுகிறது. அப்படி யாரும் இல்லை. சொல்லிவைத்த திசையையும் உயரத்தையும் பாதையையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் கருவி அது, அவ்வளவுதான். வேகத்தைப் பார்த்துக்கொள்வதுகூடப் பெரிய விமானங்களில் ஆட்டோத்ராட்டில் என்ற இன்னொரு கருவியின் வேலை. சிறிய விமானங்களில் இறக்கைகளைச் சாயாமல் வைத்துக்கொள்வதோடு நின்றுவிடும் எளிய ஆட்டோபைலட்டுகளும் உண்டு.

தூங்கி எழுந்து வருபவர்கள் இதை எங்கே உணர்வார்கள் என்றால், இறங்கத் தொடங்க வேண்டிய இடத்தில். போயிங் 777-இல் 37,000 அடியில் பறக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதை, இறங்கும் கணக்கு எல்லாம் விமானத்தின் பறப்புக் கணினியில் ஏற்றியாகிவிட்டது. இறங்கும் புள்ளி எது என்பதும் அதற்குத் தெரியும். ஆனால் முன்பலகையில் உயரத்துக்கென்று ஒரு திருகு இருக்கிறது. அதற்கு மேலே உள்ள சிறிய கட்டத்தில் இன்னும் 37000 என்றே இருந்தால் விமானம் ஓர் அடிகூடக் கீழே வராது. திருகைக் குறைத்து வை என்று பறப்புக் கணினியின் திரையில் ஒரு வரிச் செய்தி வரும். அதைப் படிக்க அறையில் ஆள் இருக்க வேண்டுமே! புள்ளி கடந்துபோகும், ஊரும் கடந்துபோகும், பாதை முடிந்த பிறகும் கடைசித் திசையிலேயே பறந்துகொண்டிருக்கும், எரிபொருள் தீரும்வரை. இதற்காகவே இறங்கும் புள்ளி வந்ததும் பறப்பைத் தானாக நிறுத்திவைக்கும் வசதியைச் சில சிமுலேட்டர் விமானங்களில் சேர்த்திருக்கிறார்கள். நிஜ வானத்தில் அப்படியொரு பொத்தான் கிடையாது.

நிஜ வானத்தில் நடந்ததையும் சொல்லிவிடலாம். 1983 செப்டம்பர் 1 அன்று ஆங்கரேஜிலிருந்து சோல் நோக்கிப் போன கொரியன் ஏர்லைன்ஸ் 007, வழிவிலகி சோவியத் வான்வெளிக்குள் நுழைந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் இறந்தார்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1993-இல் எடுத்த முடிவு: ஆட்டோபைலட் வழிகாட்டும் கருவியோடு இணையாமல், ஒரே காந்தத் திசையைப் பிடித்தபடி போயிருக்கிறது; விமானிகள் அதைக் கவனிக்கவில்லை. கருவி கெட்டுப்போனதாக அந்த முடிவு சொல்லவில்லை. பிடித்திருந்த திசையை அது பிசகாமல் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

சொல்லின் பிறப்புக்கு வருவோம். ஆட்டோ என்பது 'தானே' என்று பொருள்படும் கிரேக்க 'ஔட்டோஸ்'. பைலட்டும் கிரேக்க வேரிலிருந்து, இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அந்த வேர் 'பேடோன்'. கப்பலைத் திருப்பப் பின்பக்கம் கட்டியிருக்கும் துடுப்புக்குப் பெயர் அது. ஆக, பைலட் முதலில் கப்பல்காரர். நம் பழைய சொல்லில் மீகாமன். விமானத்துக்கு அவர் வந்தது வெகு பின்னால். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் இன்று பைலட், ரயில் ஓட்டுநரும் லோகோ பைலட். கடலில் பிறந்து வானத்துக்கு ஏறிய சொல் தரைக்கும் இறங்கிவிட்டது.

கருவியின் பிறப்புக்கு ஓர் அழகான நாள் இருக்கிறது: 1914 ஜூன் 18. பாரிஸுக்குப் பக்கத்தில் செய்ன் ஆற்றங்கரையிலுள்ள பெசோன்ஸில் விமானப் பாதுகாப்புப் போட்டி. லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற 21 வயது அமெரிக்க இளைஞர் கர்டிஸ் பறக்கும் படகில் பார்வையாளர்களைக் கடந்து பறக்கிறார், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியபடி. அடுத்த சுற்றில் உடன் வந்த மெக்கானிக் எமில் கஷான் எழுந்து இறக்கையின் மேல் நடக்கிறார். ஒரு பக்கம் பாரம் கூடியும் விமானம் சாயவில்லை. ஜைரோஸ்கோப்புகள், அதாவது வேகமாகச் சுழன்று தம் நிலை மாறாமல் நிற்கும் சக்கரங்கள், சாய்வை உணர்ந்து சரிசெய்துகொண்டிருந்தன. லாரன்ஸின் அப்பா எல்மர் ஸ்பெர்ரி ஜைரோவைக் கொண்டு கப்பல்களுக்குத் திசைகாட்டியும், பின்னர் தானே சுக்கான் பிடிக்கும் கருவியும் செய்தவர். 1933-இல் அமெரிக்க விமானி வைலி போஸ்ட் தனியாளாக 7 நாள் 18 மணி 49 நிமிடத்தில் உலகைச் சுற்றியபோது ஸ்பெர்ரி ஆட்டோபைலட்தான் துணை. அதுவும் நடுவழியில் மக்கர் செய்து, தரையிறங்கிச் சரிபார்க்க வேண்டியிருந்தது.

தமிழில் என்ன சொல்வது? தானியங்கி விமானி என்று சிலர் எழுதுகிறார்கள். இலங்கைத் தமிழில் தானியங்கி வரும் இடத்தில் 'தன்னியக்க' என்பதே பெருவழக்கு. எனக்கு இரண்டிலும் முன்பகுதி சரி, 'விமானி' என்ற பின்பகுதி சரியில்லை. கப்பலிலும் காரிலும் இதே கருவி இருக்கிறது. அங்கே விமானிக்கு என்ன வேலை? தவிர, விமானி என்றாலே முடிவெடுக்கும் ஆள். முடிவெடுக்காத ஒன்றுக்கு அந்தப் பட்டம் கொஞ்சம் அதிகம்.

வலவன் என்ற சொல்லை முன்வைப்பவர்களும் உண்டு. வலவன் தேரோட்டி. புறநானூற்று 27-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புலவர் பாடும் புகழுடையவர்கள் 'வலவன் ஏவா வான ஊர்தி' எய்துவார்கள் என்று சோழன் நலங்கிள்ளியிடம் சொல்கிறார். ஓட்டுபவன் செலுத்தாத வான வண்டி! இந்த வரியை எடுத்துப்போட்டு அன்றே நம்மிடம் ஆளில்லா விமானம் இருந்தது என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டு பேசுவது செய்ய வேண்டியதைச் செய்து முடித்தவர்கள் அடையும் மேலுலகப் பேறு, பொறியியல் அல்ல. ஆனாலும் வரி அருமையானது. தானியங்கி வலவன் என்றால் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, பேச்சில் வராது என்பதுதான் சிக்கல்.

என் ஓட்டு தானோட்டிக்கு. தேரோட்டி, படகோட்டி, வண்டியோட்டி வரிசையில் இயல்பாக நிற்கிறது. ஓடு வேறு, ஓட்டு வேறு என்பதும் இதில் தெளிவாகிவிடுகிறது. தானோடி என்றால் தானே ஓடும் வண்டி. தானோட்டி என்றால் வண்டியை ஓட்டும் பொருள். வினையாகவும் வளைகிறது: 'பத்தாயிரம் அடி தாண்டியதும் தானோட்டியில் விட்டேன்', 'தானோட்டியை எடுத்துவிட்டுக் கையால் இறக்கினேன்'. சுக்கான் பிடிப்பது என்ற பழைய வழக்கையும் ஒட்டியே வருகிறது, கிரேக்கத் துடுப்புக்கும் தூரமில்லை.

அப்புறம், ஆள் இல்லாமல் விட்டுவிட்டுப் போகும் இந்தப் பழக்கத்துக்கு என்ன பெயர்? ஆளில்லாப் பறப்பு என்றால் ட்ரோன் என்று நினைப்பார்கள். 'விட்டுவிட்ட பறப்பு' போதும் என்று நினைக்கிறேன். தனியாக ஓட்டும்போது அது அவரவர் பாடு, மின்கட்டணம் கட்டுபவர் முடிவு செய்யட்டும். சிமுலேட்டரில் ஓட்டுபவர்கள் ஒன்றுசேர்ந்து பறக்கும் வாட்சிம் போன்ற இணைய வலையமைப்பில் அப்படி முடியாது. அங்கே வான்வழிக் கட்டுப்பாட்டாளராக இன்னொரு மனிதர் உட்கார்ந்து விமானத்தின் அழைப்புப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். 30 நிமிடத்துக்கு மேல் இருக்கையை விட்டுப் போகக் கூடாது என்பது அங்கே எழுதிவைத்த விதி.