சீழ் வைக்காத காயத்தையும் கவனியுங்கள்

காசிமேட்டில் மீன் வெட்டுபவர்களின் விரலில் முள் ஏறுவது அன்றாடம் நடப்பது. சங்கராவின் முதுகு முள் குத்தினால் விரல் சிவந்து வீங்கும், தொட்டால் சுடும், மறுநாள் லேசாகச் சீழ் கட்டும். உடனே 'செப்டிக் ஆயிடுச்சு' என்று பதறி வருவார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் எங்களை அதைவிடக் கவலைப்பட வைப்பது வேறொரு காயம். பல வருடச் சர்க்கரை நோயாளி ஒருவரின் பாதத்தில் ஆணி ஏறி நாலைந்து நாள் ஆகியிருக்கும். சிவப்பு இல்லை, வலி இல்லை, சீழும் இல்லை. ஆனால் காயம் ஆறாமல் ஈரமாகவே இருக்கும். 'ஒண்ணும் பண்ணல டாக்டர், சும்மாதான் இருக்கு' என்பார்கள்.

சிவப்பும் வீக்கமும் சீழும் எப்படி வருகின்றன என்று தெரிந்தால் இந்தக் கவலை புரியும். கிருமியை முதலில் எதிர்கொள்ளும் நியூட்ரோபில் என்ற வெள்ளையணு ரத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறது. கிருமியோ ரத்தக் குழாய்க்கு வெளியே, சதைக்குள் இருக்கிறது. குழாயின் சுவரைத் தாண்டாமல் அணு கிருமியிடம் போக முடியாது. தாண்டும் இடம் பெரும்பாலும் தந்துகிகள் என்ற மிக மெல்லிய குழாய்களை அடுத்து வரும் நுண்சிரைகள்.

விசைப்படகு துறையில் அணைவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் வேகம் குறைய வேண்டும். காயத்தில் வெளிப்படும் ஹிஸ்டமின் குழாயை விரிக்கிறது. நீர்ச்சத்து வெளியே கசிவதால் ரத்த ஓட்டம் மந்தமாகிறது. சிவப்பும் வீக்கமும் இதனால்தான். சில நிமிடங்களுக்குள் சுவரின் உட்பக்கத்தில் பி-செலக்டின் என்ற ஒட்டுப்புரதம் எழுகிறது. ஓரிரு மணி நேரத்தில் இ-செலக்டினும் சேர்கிறது. இவற்றின் பிடி தளர்வானது. அணு ஒட்டும், விடும், மறுபடி ஒட்டும்; இப்படியே சுவரோரம் உருண்டு வரும். அப்போது சுவரில் படிந்திருக்கும் ஐஎல்-8 என்ற சைகை அதன்மேல் பட்டதும், அணுவின் மேலுள்ள இன்டெக்ரின் புரதங்கள் மடிந்த நிலையிலிருந்து நிமிர்ந்து, சுவரிலுள்ள ஐகேம்-1 என்ற புரதத்தை இறுகப் பற்றுகின்றன. கயிறு கட்டியாயிற்று, அணு நின்றுவிட்டது.

பிறகு அது சுவரில் ஊர்ந்து, இரண்டு செல்கள் சேரும் இடுக்கைத் தேடுகிறது. நியூட்ரோபிலின் உட்கரு துண்டு துண்டான மடல்களாக இருப்பதால், 12 மைக்ரான் அகலமுள்ள அணு தன்னைக் குறுக்கிக்கொண்டு நுழைந்துவிடும். சுவருக்கு அடியிலுள்ள சவ்வையும் கடந்த பிறகு, வேதிச் சைகை எங்கே அதிகமோ அந்தத் திசையில் போகும். முதல் 6 முதல் 24 மணி நேரம் நியூட்ரோபில்களின் ஆட்சி. அடுத்து மோனோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளையணுக்கள் வந்து மிச்சத்தைச் சுத்தம் செய்யும். போரிட்டு மடிந்த நியூட்ரோபில்களின் குவியல்தான் சீழ்.

இதில் எந்தப் படி தடுமாறினாலும் காயம் அமைதியாகத் தெரியும், கிருமி உள்ளே பெருகும்.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதபோது அணு ஒட்டுவது, சைகையைப் பின்தொடர்வது, கிருமியை விழுங்குவது எல்லாமே மந்தமாகின்றன. நரம்பு மரத்திருப்பதால் வலியும் எச்சரிப்பதில்லை. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடித் தெருக்களில் மழைநீர் தேங்கும் மாதங்களில் தினமும் இரவில் பாதத்தின் அடியையும் விரலிடுக்குகளையும் கண்ணாடி வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ஸ்டீராய்டு. மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கும் வலி மாத்திரைக் கலவையில் டெக்ஸாமெத்தசோனோ பிரெட்னிசோலோனோ இருக்கலாம். எந்த நேரத்திலும் நியூட்ரோபில்களில் ஏறக்குறைய பாதி குழாய்ச் சுவரில் ஒட்டியே இருக்கும்; அவை ரத்தப் பரிசோதனையின் எண்ணிக்கையில் வராது. ஸ்டீராய்டு அந்த ஒட்டைத் தளர்த்துகிறது, எலும்பு மஜ்ஜையிலிருந்தும் கூடுதல் அணுக்களை வெளியே விடுகிறது. அதனால் 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய டோட்டல் கவுன்ட், அதாவது வெள்ளையணுக்களின் மொத்த எண்ணிக்கை, சில மணி நேரத்திலேயே 15,000-ஐத் தாண்டலாம். அணுக்கள் ரத்தத்தில் நிறைய இருக்கின்றன, காயத்துக்குத்தான் போய்ச் சேரவில்லை. இந்த ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால் புதிய தொற்று என்றும் தோன்றலாம், உடம்பு நன்றாகப் போராடுகிறது என்றும் தோன்றலாம். ஆகவே ரத்தம் கொடுக்கும்போதே என்ன மாத்திரை, என்ன ஊசி என்று சொல்லிவிடுங்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென நிறுத்தக் கூடாது. அது உயிருக்கே ஆபத்து.

மிக அரிதான ஒன்று பிறவியிலேயே வருவது. இன்டெக்ரினின் ஒரு பாகமான சிடி-18 குறைபட்டால் அணுவால் நிற்கவே முடியாது. குழந்தையின் தொப்புள்கொடி ஒன்றிரண்டு வாரத்தில் விழ வேண்டும். மூன்று நான்கு வாரமாகியும் விழாமல், தொப்புள் சீழில்லாமல் புண்ணாகி, கவுன்ட் மட்டும் மிக உயர்ந்திருந்தால் அணுவின் மேலுள்ள புரதங்களை அளக்கும் ஃபுளோ சைட்டோமெட்ரி பரிசோதனை கேட்க வேண்டும். பெற்றோர் இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். அதனால் தாய்மாமன், அத்தை மகன் என்று உறவில் மணந்தவர்கள் அதை மருத்துவரிடம் சொல்வது அவசியம். ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே போவதில் நாள் போய்விடும். கடுமையான வகைக்குத் தீர்வு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை.

முள் குத்தினால் குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் ஐந்து நிமிடமாவது கழுவுங்கள். சுண்ணாம்பு, காபித்தூள் வேண்டாம். பிதுக்கவும் வேண்டாம், உள்ளே கட்டியிருப்பது பக்கத்துச் சதைக்குப் பரவும். கெளுத்தி முள்ளில் விஷம் உண்டு. பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் கையை வைத்தால் வலி குறையும். மரத்துப்போன காலுக்கு இதைச் செய்யாதீர்கள், வெந்துபோவதே தெரியாது. அழுக்குக் காயம் பட்டு, கடைசி டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

விரல் முழுக்க வீங்கி நீட்ட முடியாமல் போனால் அன்றே காட்டுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. கடல் தண்ணீர் பட்ட காயம் ஒரு நாளுக்குள் கறுத்துக் கொப்புளம் எழுந்தால், அதிலும் கல்லீரல் கோளாறு உள்ளவர் என்றால், விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.