தனுஷ்கோடிப் புயலை நான் கேட்கவே இல்லை

"அப்பாவுக்கு ஞாபக சக்தியெல்லாம் பிரமாதம் டாக்டர். தனுஷ்கோடிப் புயலைக் கேட்டுப் பாருங்க, புட்டுப் புட்டு வைப்பாரு."

மகன் பெருமையாகத்தான் சொன்னார். அப்பாவும் ஆரம்பித்துவிட்டார். 1964 டிசம்பர், அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது, மண்டபத்தில் அத்தை வீடு, ரயிலையே கடல் கொண்டுபோன சேதி வந்த காலை. ஒரு பிசகு இல்லை. முடிக்கட்டும் என்று காத்திருந்து, "இன்னிக்குக் காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்றேன். அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். "நீ சொல்லுப்பா" என்பது போல.

இந்தத் திரும்பலை நாங்கள் ஓர் அறிகுறியாகவே குறித்துக்கொள்வோம். சில நாள், ஸ்கேன் வருவதற்கு முன்பே அது பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

ஒரே வாரத்தில் மூன்று முறை பென்ஷன் எடுக்கப் போய், மூன்றாவது முறை வங்கியில் சண்டை போட்டிருக்கிறார். அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார்கள். மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா, "மூணு வருஷமா சொல்லிட்டிருக்கேன் சார், யாரும் காதுல போட்டுக்கல" என்றார். இந்த மாதத்தில் இப்படி வந்த நான்காவது குடும்பம் இது. அதனால் இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

பழைய கதை சொல்கிறார் என்பதால் ஞாபகம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. இல்லவே இல்லை. மூளையில் புது நினைவைப் பதிவு செய்யும் இடம் வேறு, பல வருடம் ஊறிப்போன நினைவு தங்கும் இடம் வேறு. இது என் ஊகம் அல்ல. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு வலிப்பு நிற்கவேண்டும் என்று மூளையின் இரு பக்கமும், புது நினைவைப் பதிவு செய்யும் ஹிப்போகேம்பஸ் பகுதியை எடுத்தார்கள். அதன் பிறகு அவரால் புதிதாக எதையும் மனத்தில் நிறுத்த முடியவில்லை. பல வருடம் அவரைப் பரிசோதித்த பிரெண்டா மில்னர், ஒவ்வொரு முறையும் தன்னைப் புதிதாக அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் சிறு வயது நினைவுகள் அவரிடம் இருந்தன. பேச்சும் இருந்தது, புத்தியும் இருந்தது.

மறதி நோய்களில் அதிகம் காணப்படும் அல்சைமர் நோய் முதலில் கை வைப்பது அந்த ஹிப்போகேம்பஸிலும் அதை ஒட்டிய பகுதியிலும்தான். அப்படியானால் எது முதலில் போகும்? நேற்று வந்த விருந்தாளி, இன்று போட்ட மாத்திரை, பத்து நிமிடத்துக்கு முன் கேட்ட கேள்வி. புயல் கடைசிவரை தங்கினாலும் தங்கும். நீங்கள் புயலைக் கேட்டுத் திருப்திப்பட்டுக்கொள்கிறீர்கள். நான் கேட்பது காலை இட்லியை.

அடுத்தது, "வயசானா மறதி வரத்தானே செய்யும்." அல்சைமர் போல, நினைவையும் சிந்தனையையும் குலைக்கும் நோய்களுக்குப் பொதுப் பெயர் டிமென்ஷியா. இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் அது இருப்பது சுமார் 7.4 சதவீதம் பேருக்கு. மீதிப் பேருக்கு வயது ஆகவில்லையா? அலாய்ஸ் அல்சைமர் 1901இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பார்த்த முதல் நோயாளி அகஸ்டேவுக்கு வயது 51. உங்கள் பெயர் என்ன என்றால் அகஸ்டே. கணவர் பெயர் என்றாலும் அகஸ்டே. டிமென்ஷியாவுக்குத் தமிழில் 'முதுமை மறதி' என்று பெயர் வைத்த புண்ணியவானால்தான் எனக்குப் பாதித் தொல்லை.

வயதின் மறதியை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? எடுத்துக் கொடுங்கள். "போன வாரம் கல்யாணத்துக்குப் போனோமே, மழையில மாட்டினோமே" என்றதும் "அட, ஆமா" என்று வந்துவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. எடுத்துக் கொடுத்தும், போட்டோ காட்டியும், "நான் எங்க வந்தேன்?" என்றால் கூட்டி வாருங்கள். ஐம்பது வருடமாக சாம்பார் வைத்த கை பருப்பு வெந்த பிறகு என்ன செய்வது என்று நின்றாலும் கூட்டி வாருங்கள். மறதியே இல்லாமல், குணம் தலைகீழாக மாறியிருந்தாலும்தான்.

வந்து என்ன ஆகப்போகிறது, குணப்படுத்தவா முடியும் என்று கேட்பீர்கள். சிலருக்கு முடியும் ஐயா! பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு இவையெல்லாம் மறதியாக வேஷம் போடும். போன வருடம் ஒருவர், ஆறே வாரத்தில் தடுமாற ஆரம்பித்தவர். குளியலறையில் லேசாக வழுக்கி விழுந்ததை வீட்டில் மறந்தே போயிருந்தார்கள். மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. துளை போட்டு எடுத்தோம், மறு மாதம் தனியாக பஸ் ஏறி வந்தார். நாள் கணக்கில், வார கணக்கில் வரும் குழப்பத்தை வயதின் தலையில் கட்டாதீர்கள்.

அல்சைமருக்கு லெக்கனமாப் ஊசி வந்துவிட்டதாமே என்று வெளிநாட்டுப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். வந்திருக்கிறது, 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதியும் கிடைத்தது. பதினெட்டு மாத ஆய்வில் சரிவின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. போன நினைவைத் திருப்பித் தராது. மூளையில் வீக்கமோ ரத்தக் கசிவோ வரலாம் என்பதால் அடிக்கடி ஸ்கேன் பார்க்க வேண்டும். முக்கியமாக, அது நோயின் ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு மட்டும். மூன்று வருடம் தாமதமாக வந்தவரின் மகனிடம் இதை நான் எந்த முகத்தோடு சொல்வது?

சரி, செய்ய வேண்டியது. ஞாபக சக்தி டானிக் வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். சளிக்கும் தூக்கத்துக்கும் மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்கும் மாத்திரைகளில் சில, குழப்பத்தைக் கூட்டும். காது கேட்கவில்லையா, மிஷின் வையுங்கள். வெட்கம் பார்த்தது போதும், கேட்காத காதும் டிமென்ஷியாவுக்கு வழிவிடும். பிரஷரையும் சுகரையும் நாற்பதிலேயே பிடியுங்கள். வண்டிச் சாவியையும் ஏடிஎம் கார்டையும் பக்குவமாக வாங்கி வையுங்கள்.

இன்னொன்று, இது கெஞ்சல். "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று விருந்தினர் முன்னால் தேர்வு வைக்காதீர்கள். பதில் தெரியவில்லை என்பது அவருக்கும் தெரிகிறது.

என்னிடம் வரும்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். கூட வரவேண்டியது நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளை அல்ல, அவரோடு ஒரே வீட்டில் தூங்கி எழுகிறவர். பெரும்பாலும் அது அம்மா. அவரை மூலையில் உட்கார வைக்காதீர்கள். என் மேஜைக்குப் பக்கத்து நாற்காலி அவருக்கு.