பக்கத்து வீடா, அடுத்த தெருவா: சப்நெட் பிரித்த நெட்வொர்க்கில் கோளாறு தேடுதல்

கோவைப் புறநகரில் உள்ள ஒரு நூற்பாலையின் நெட்வொர்க்கைப் பராமரிக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை இரவு அங்கிருந்த பழைய ரவுட்டரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினோம். எல்லாப் பிரிவுகளிலும் இணையம் வந்தது, கணக்குப் பிரிவின் பிரின்டர் ஓடியது. நிம்மதியாக வீடு திரும்பினேன். திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு டைம் ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. மெயின் கேட்டில் உள்ள விரல்ரேகை வருகைப்பதிவுக் கருவியிலிருந்து ஒரு பதிவைக்கூடக் கணினிக்கு இறக்க முடியவில்லை என்றார்கள். ஆனால் ஆட்கள் விரல் வைத்தால் கருவி வழக்கம்போல் பீப் ஒலியோடு ஏற்றுக்கொள்கிறது என்றும் சொன்னார்கள்.

நான் போய்ச் சேர்வதற்குள் கருவியை மூன்று முறை அணைத்துப் போட்டிருந்தார்கள், கேபிளை மாற்றியிருந்தார்கள், கருவியை விற்ற நிறுவனத்தின் ஆள் வந்து தன் மடிக்கணினியை கேட்டில் இருக்கும் சுவிட்சிலேயே செருகிப் பார்த்து, பதிவுகள் தடையின்றி இறங்குவதைக் காட்டி, "கருவி நன்றாக இருக்கிறது, உங்கள் நெட்வொர்க்தான் கோளாறு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க எனக்கு நண்பகல் ஆகிவிட்டது. அதை இங்கே விரிவாக எழுதுவதற்குக் காரணம், சப்நெட் பிரித்த, அதாவது சிறு பகுதிகளாக வெட்டிய, நெட்வொர்க்குகளில் நான் பார்க்கும் கோளாறுகளில் பலவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதுதான்.

முதலில் அந்த ஆலையின் அமைப்பு. ஆரம்பத்தில் 192.168.10.0 என்ற ஒரே நெட்வொர்க், முகவரியின் எந்தப் பாகம் நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் மாஸ்க் 255.255.255.0, அதாவது /24. பயன்படுத்தத்தக்க முகவரிகள் 254. கண்காணிப்புக் கேமராக்கள் பெருகியதும் அதே எல்லைக்குள்ளேயே நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 255.255.255.192 என்ற மாஸ்க் கொடுத்தோம். அப்படிப் பிரித்தால் ஒரு பகுதிக்கு 62 முகவரிகள் கிடைக்கும். கடைசி எண்ணை மட்டும் சொன்னால், முதல் பகுதி 1 முதல் 62 வரை, இரண்டாவது 65 முதல் 126 வரை, இப்படியே போகும். வருகைப்பதிவுக் கருவியின் முகவரி 192.168.10.20, அது முதல் பகுதியில் தானாகவே விழுந்துவிட்டதால் அதை யாரும் தொடவில்லை. டைம் ஆபீஸ் கணினி 192.168.10.70, இரண்டாம் பகுதி. இரண்டுக்கும் நடுவில், ஒரு பகுதியிலிருந்து மற்றதற்குச் செய்தியைக் கடத்தும் ரவுட்டர். முதல் பகுதிக்கு அதன் முகவரி 1, இரண்டாவதற்கு 65.

டைம் ஆபீஸ் கணினியிலிருந்து கருவிக்கு பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) கொடுத்தபோது "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்" என்று வந்தது. பலர் பிங் போகிறதா போகவில்லையா என்று மட்டும் பார்க்கிறார்கள். தோல்விச் செய்தியின் வாசகத்தைப் படிப்பதில்லை. விண்டோஸில் "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்று, அதுவும் நம் கணினியின் சொந்த முகவரியிலிருந்தே பதில் வந்தால், நம் கணினி தனக்கு அருகில் இருப்பதாக நினைக்கும் ஒன்றைக் கூப்பிட்டுப் பார்த்து, அது கிடைக்காமல் கைவிட்டது என்று பொருள். அதே செய்தி கேட்வேயின், அதாவது பகுதிக்கு வெளியே போகும் வாசலான ரவுட்டரின், முகவரியிலிருந்து வந்தால், நாம் அனுப்பியது ரவுட்டர் வரை போய், அங்கிருந்து மேலே நகர வழியில்லை என்று பொருள். "டைம்டு அவுட்" என்றாலோ, நாம் அனுப்பியது எங்கோ போனது, பதில் மட்டும் வரவில்லை, நடுவில் யாரும் குறை சொல்லவுமில்லை என்று பொருள். மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களைச் சுட்டுகின்றன.

அடுத்து ரவுட்டருக்குள் நுழைந்து அங்கிருந்து கருவிக்கு பிங் கொடுத்தேன். உடனே பதில் வந்தது. இங்கேதான் நான் ஒரு மணி நேரத்தை வீணாக்கினேன். ரவுட்டரிலிருந்து கருவி கிடைக்கிறது, டைம் ஆபீஸிலிருந்து ரவுட்டர் கிடைக்கிறது, ஆகவே நடுவில் ஏதோ ஃபயர்வால் விதி தடுக்கிறது என்று முடிவுகட்டி, புதிய ரவுட்டரின் விதிகளை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தேன். ரவுட்டர் ஒரு பகுதிக்குள் பிங் அனுப்பும்போது பொதுவாக அந்தப் பகுதியில் தனக்குள்ள முகவரியையே, அதாவது 1 என்பதையே, அனுப்புநர் முகவரியாகப் போடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். கருவியைப் பொறுத்தவரை அது பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டியது போல. அனுப்புநர் முகவரியாக 65-ஐக் குறிப்பிட்டு மீண்டும் கொடுத்தபோது பதில் வரவில்லை. அந்த ஒரு சோதனை ஃபயர்வால் சந்தேகத்தை ஓரங்கட்டியது. கருவி வரை செய்தி போகிறது. அடுத்த தெருவிலிருந்து வரும் கேள்விகளுக்கு மட்டும் கருவி பதில் தருவதில்லை.

இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். ஒரு கருவி ஒரு செய்தியை அனுப்பும் முன் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறது: பெறுநர் என் பகுதிக்குள் இருப்பவரா, வெளியில் இருப்பவரா? உள்ளே என்றால் அவருடைய மேக் முகவரியை (வன்பொருளுக்கே உரிய முகவரி) ஆர்ப் என்ற முறையில் கூவிக் கேட்டு, நேரடியாகக் கொடுக்கும். வெளியே என்றால் கேட்வேயிடம் ஒப்படைக்கும். இந்த முடிவை எடுக்க அதன் கையில் இருப்பது சொந்த முகவரியும் சொந்த மாஸ்க்கும் மட்டுமே. 255.255.255.192 என்ற மாஸ்க்கில் கடைசி எண்ணின் முதல் இரண்டு பிட்டுகளும் நெட்வொர்க்கைச் சேர்ந்தவை. 20 என்பது இரும எண்ணில் 00010100; 70 என்பது 01000110. முதல் இரண்டு பிட்டுகள் ஒன்றில் 00, மற்றொன்றில் 01. ஆகவே வேறு வேறு பகுதி. 255.255.255.0 என்ற மாஸ்க்கில் இந்தப் பிட்டுகளை யாரும் பார்ப்பதே இல்லை. இரண்டும் ஒரே பகுதி. மாஸ்க் என்பது நெட்வொர்க் முழுவதும் கூடி ஒப்புக்கொண்ட உண்மை என்று பலரும் எண்ணுகிறார்கள். அது ஒவ்வொரு கருவியும் தனித்தனியே மனத்தில் வைத்திருக்கும் நம்பிக்கை. அது தவறாக இருந்தால் சுவிட்சும் ரவுட்டரும் அதைத் திருத்துவதில்லை, எச்சரிப்பதுமில்லை.

சந்தேகம் தோன்றியதும் மடிக்கணினியோடு கேட்டுக்குப் போய், அதே சுவிட்சில் செருகி, நெட்வொர்க்கில் ஓடும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்தேன். ஆர்ப் கேள்விகள் பிராட்காஸ்டாக, அதாவது பகுதியில் உள்ள எல்லோருக்கும், போவதால் அவற்றைக் கேட்க எந்தச் சிறப்பு ஏற்பாடும் தேவையில்லை; அதே பகுதியில் செருகியிருந்தாலே போதும். டைம் ஆபீஸில் இருந்தவரை பிங் கொடுக்கச் சொன்னேன். திரையில் ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடியது: 192.168.10.70 யாரிடம் இருக்கிறது, 192.168.10.20-க்குச் சொல்லவும். அந்தத் தெருவிலேயே இல்லாத ஒருவரைக் கருவி பெயர் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தது. கருவியின் மெனுவுக்குள் போய்ப் பார்த்தேன், மாஸ்க் 255.255.255.0. கடைசி எண்ணை 192 என்று மாற்றி, கேட்வே 1 என்று இருப்பதையும் உறுதிசெய்துகொண்டேன். அரை நிமிடத்தில் பதிவுகள் இறங்கத் தொடங்கின.

அப்படியானால் பிரித்த நாளிலிருந்து இத்தனை ஆண்டுகளாக அது எப்படி வேலை செய்தது என்று டைம் ஆபீஸ்காரர் கேட்டார். சரியான கேள்வி. பழைய ரவுட்டரில் பிராக்ஸி ஆர்ப் என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தது. கருவி 70-ஐக் கூவும்போது, 70 இருக்கும் பகுதிக்குத் தனக்கு வழி தெரியும் என்பதால், "நான்தான் அவர்" என்று ரவுட்டர் தன் மேக் முகவரியைக் கொடுத்து, செய்தியை வாங்கி உரியவரிடம் சேர்த்துக்கொண்டிருந்தது. புதிய ரவுட்டரில் அந்த வசதி அணைந்திருந்தது. வரலாற்றில் இதற்கு ஓர் இடம் உண்டு. ஆர்ப் முறையை டேவிட் பிளம்மர் ஆர்எஃப்சி 826 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில் எழுதியது 1982-இல். சப்நெட் பிரிப்பதற்கான முறை ஆர்எஃப்சி 950 ஆக வந்தது 1985-இல். இடைப்பட்ட காலத்துக் கணினிகள் பலவற்றுக்கு சப்நெட் என்றால் என்னவென்றே தெரியாது. அவற்றையும் சேர்த்து நடத்திச் செல்லவே பிராக்ஸி ஆர்ப் பயன்பட்டது. 1987-இல் வந்த ஆர்எஃப்சி 1027 அதைத்தான் விவரிக்கிறது. எங்கள் வருகைப்பதிவுக் கருவி அந்தக் காலத்துக் கணினியைப் போலவே நடந்துகொண்டது, பழைய ரவுட்டரும் அந்தக் காலத்துக் கருணையோடு அதைத் தாங்கியது.

மாஸ்க் அகலமாக, அதாவது உண்மையான பகுதியைவிடப் பெரிய எல்லையைக் காட்டுவதாக, இருப்பதால் வரும் கோளாறு இது. குறுகலாக இருந்தாலும் கோளாறுதான், ஆனால் அது பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. 20-இல் இருக்கும் கணினிக்கு யாரோ 255.255.255.224 என்று கொடுத்துவிட்டால், அது பக்கத்திலேயே இருக்கும் 40-ஐ வெளியூர் என்று நினைத்து கேட்வேயிடம் கொடுக்கும். ரவுட்டர் வாங்கி அதே வாசல் வழியே திருப்பி அனுப்பும். வேலை நடக்கும், சற்றுச் சுற்றிக்கொண்டு. ஆனால் 40-இல் இருக்கும் கணினிக்கு அதே மாஸ்க்கைக் கொடுத்தால் கேட்வேயான 1 அதன் எல்லைக்கு வெளியே போய்விடும். அங்கே தவறு அன்றே வெளிப்பட்டுவிடும். /24 பழக்கத்திலேயே இருப்பவர்கள் செய்யும் இன்னொரு தவறு, கேமராவுக்கு 64 அல்லது 127 என்று முகவரி கொடுப்பது. நான்காகப் பிரித்த பிறகு 64 இரண்டாம் பகுதியின் பெயர், 127 அதன் பிராட்காஸ்ட் முகவரி. இரண்டையும் எந்தக் கருவிக்கும் தரக்கூடாது. விண்டோஸ் இதை ஏற்க மறுத்துவிடும். சிறு கருவிகள் சில பேசாமல் ஏற்றுக்கொள்ளும்.

மாஸ்க் சரியாக இருந்தும் பகுதி தாண்டினால் மட்டும் இணைப்பு அறுகிறது என்றால், நான் அடுத்துப் பார்ப்பது எதிர்முனைக் கணினியின் சொந்த ஃபயர்வாலை. விண்டோஸில் டொமைனில் (நிறுவனத்தின் மைய நிர்வாக அமைப்பில்) சேராத கணினிகளில், ஃபைல் பகிர்வுக்கும் பிங்குக்குமான இயல்பு விதி "லோக்கல் சப்நெட்" என்ற எல்லையோடு வருகிறது. ஒரே பகுதியாக இருந்தவரை எல்லோரும் எல்லோருடைய ஃபோல்டரையும் திறந்துகொண்டிருப்பார்கள். பிரித்த மறுநாள் பாதிப் பேருக்குத் திறக்காது. நெட்வொர்க்கில் ஒரு குறையும் இருக்காது. அந்த விதியில் மற்றப் பகுதிகளின் முகவரி எல்லையையும் சேர்க்க வேண்டும். அதைச் செய்யாமல் ஃபயர்வாலை முழுவதுமாக அணைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது கதவின் தாழ்ப்பாள் இறுகியதற்காகக் கதவையே கழற்றுவது. பிரின்டர்கள் பட்டியலில் தானாகத் தோன்றாமல் போவதும் இதன் உடன்பிறப்பு: அந்தத் தேடல் மல்டிகாஸ்ட் (ஒரு குழுவுக்கு அனுப்புவது), பிராட்காஸ்ட் வழியே நடப்பது, ரவுட்டர் அவற்றை இயல்பாக அடுத்த பகுதிக்குக் கடத்தாது. ஐபி முகவரியைக் கொடுத்து பிரின்டரைச் சேர்த்துவிட்டால் முடிந்தது.

கணினிக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால் கேட்வேயைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதற்கு, தானாக முகவரி வழங்கும் முறையான டிஹெச்சிபியிடமிருந்து பதில் கிடைக்கவில்லை. டிஹெச்சிபி கேட்கும் முதல் குரலும் பிராட்காஸ்ட்தான், ஆகவே சர்வர் வேறு பகுதியில் இருந்தால் அந்தக் குரலை சர்வரிடம் கடத்தும் ரிலேயை ரவுட்டரில் அமைத்திருக்க வேண்டும். ஒரு பகுதி முழுவதற்கும் முகவரி வரவில்லை என்றால் ரிலேயைச் சந்தேகிக்கலாம். ஒரே ஒரு கணினிக்கு மட்டும் என்றால் கேபிளையும், சுவிட்சில் அந்த போர்ட் எந்த வீலானில் (சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பிங் பதிலில் வரும் டிடிஎல் எண்ணையும் (செய்தி இன்னும் எத்தனை ரவுட்டர்களைத் தாண்டலாம் என்ற கணக்கு) பார்க்கும் வழக்கத்தை வைத்துக்கொள்வது நல்லது. விண்டோஸ் கணினிகள் இயல்பாக 128 என்றும் லினக்ஸ் கணினிகள் 64 என்றும் தொடங்குகின்றன. தாண்டும் ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்றைக் கழிக்கும். அடுத்த பகுதியில் இருப்பதாக நான் நம்பும் விண்டோஸ் சர்வரிடமிருந்து 127 வர வேண்டிய இடத்தில் 128 வந்தால், பதில் சொல்வது அந்த சர்வர் அல்ல, என் பகுதிக்குள்ளேயே அதே முகவரியோடு உட்கார்ந்திருக்கும் வேறு ஏதோ ஒன்று என்று சந்தேகப்படத் தொடங்குவேன். என் மாஸ்க்கே தவறாக இருக்கக்கூடும் என்றும் நினைவுபடுத்திக்கொள்வேன்.

அன்று மாலை ஆலையில் கையால் முகவரி கொடுக்கப்பட்ட கருவிகள் அனைத்தையும் ஒரு நோட்டில் எழுதினோம்: முகவரி, மாஸ்க், கேட்வே, இருக்கும் இடம், மெனு கடவுச்சொல் யாரிடம் என்பது வரை. மொத்தம் 17 கருவிகள். அவற்றில் இன்னும் மூன்றில் பழைய மாஸ்க்கே இருந்தது. அவற்றை அடுத்த பகுதியிலிருந்து தினமும் யாரும் அணுகாததால் தெரியாமல் இருந்திருக்கிறது. இரண்டை உடனே திருத்தினோம். மூன்றாவது, லாரிகள் நிற்கும் எடைமேடையின் கருவி. அதன் கடவுச்சொல் ஆலையில் யாரிடமும் இல்லை, விற்றவர் வர வேண்டும். அது வரை புதிய ரவுட்டரில் அந்த ஒரு பகுதிக்கு மட்டும் பிராக்ஸி ஆர்ப்பை இயக்கிவிட்டு, ஏன் இயக்கினோம், எந்தக் கருவிக்காக, எப்போது அணைக்க வேண்டும் என்பதை நோட்டிலும் ரவுட்டரின் மேல் ஒட்டிய சீட்டிலும் எழுதிவைத்தேன். சீட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது.