கான்ஃபைல்: தமிழில் எப்படிச் சொல்வது?

டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளங்களில் பொதிகளை, அதாவது நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்களைப் புதுப்பிக்கும்போது சில சமயம் திரை நடுவழியில் நின்று கேட்கும்: இந்தக் கோப்பை நீங்களும் மாற்றியிருக்கிறீர்கள், பொதியைத் தந்தவரும் மாற்றியிருக்கிறார், எதை வைத்துக்கொள்ள? சும்மா என்டர் தட்டினால் உங்களுடையது தங்கும். ஒய் தட்டினால் புதியது வரும், பழையது '.டிபிகேஜி-ஓல்ட்' என்ற வாலோடு பக்கத்திலேயே கிடக்கும். இப்படிக் கேட்டுக் கையாளப்படும் கோப்புதான் கான்ஃபைல்.

கான்ஃபிகரேஷன் (ஒரு நிரல் எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் அமைவு), ஃபைல் இரண்டையும் நறுக்கி ஒட்டிய சொல் இது. கான்ஃபிகரேஷனின் வேர் லத்தீன்: 'கான்' என்றால் சேர்ந்து, 'ஃபிகுரா' என்றால் உருவம். பல உறுப்புகள் சேர்ந்து கொள்ளும் வடிவம் என்று பொருள். கணினிக்கு வருவதற்கு வெகு முன்பே கோள்கள் ஒன்றுக்கொன்று நிற்கும் நிலையைச் சொல்லச் சோதிடத்தில் புழங்கியது.

கான்ஃபிகரேஷனுக்குத் தமிழில் கட்டமைப்பு, அமைவடிவம், உள்ளமைவு என்று மூன்று ஓடுகின்றன. கட்டமைப்பு வேண்டாம், சாலை, பாலம் தொடங்கி வாக்கியம் வரை அதற்கு ஏற்கெனவே வேலை அதிகம். அமைவடிவம் லத்தீன் வேருக்கு நெருக்கம், ஆனால் பேச்சில் நிற்காது. என் ஓட்டு உள்ளமைவுக்கு. செட்டிங்ஸுக்கு 'அமைப்புகள்' கைப்பேசியிலேயே பழகிவிட்டதால், இரண்டும் ஒரே வேரில் நிற்கும்.

ஆனால் எல்லா உள்ளமைவுக் கோப்பும் கான்ஃபைல் அல்ல. வலைத்தளங்கள் எழுதும் மொழியான பிஎச்பியின் நீட்சிகளை, அதாவது கூடுதல் வசதி தரும் துணைக்கூறுகளைப் பாருங்கள். கர்ல் என்ற நீட்சிக்கான ஐஎன்ஐ கோப்பு (அதன் உள்ளமைவுக் கோப்பு) 'மாட்ஸ்-அவைலபிள்' அடைவில் ஒரே ஒரு பிரதியாக இருக்கும். கட்டளை வரிக்கும் வலை வழங்கிக்கும் தனித்தனி 'கான்ஃப்.டி' அடைவுகள், அங்கே இருப்பவை '20-கர்ல்' என்பதுபோல எண் போட்ட இணைப்புகள் மட்டுமே. எதை முன்னால் ஏற்ற வேண்டும் என்பதை அந்த எண் சொல்லும். மூலக் கோப்பை ஓரிடத்தில் திருத்தினால் எல்லாருக்கும் சேரும். இது கான்ஃபைல் இல்லை. யூசிஎஃப் என்ற வேறொரு கருவி பார்த்துக்கொள்கிறது. கேள்வி மட்டும் அதே மாதிரிதான் வரும்.

உண்மையான கான்ஃபைல் என்றால் விதி கறார். ஒரே கோப்பை இரண்டு பொதிகள் தம் கான்ஃபைல் என்று அறிவித்தால், அவை ஒன்றுக்கொன்று முரண்படுபவை என்றும் அறிவிக்க வேண்டும். இரண்டும் ஒரே கணினியில் இருந்தாக வேண்டுமா? அப்படியானால் ஒன்று சொந்தக்காரர், அந்தக் கோப்பு இல்லாமல் நகராத மற்றது அதைச் சார்ந்த பொதி. அல்லது '-காமன்' என்று முடியும் மூன்றாவது பொதியிடம் கோப்பை ஒப்படைத்துவிடலாம். அடுத்த பொதியின் கான்ஃபைலில் நிறுவல் நிரலைக் கொண்டு கைவைப்பது கூடவே கூடாது. ஏன்? நிறுவியபோது கோப்புக்கு இருந்த எம்டி5 மதிப்பை (உள்ளடக்கம் மாறினால் மாறிவிடும் கைரேகை மாதிரி) பொதிகளை நிறுவும் கருவியான டிபிகேஜி குறித்து வைத்திருக்கிறது. அது மாறியிருந்தால் மாற்றியது நீங்களா, இன்னொரு பொதியா என்று அதற்குத் தெரியாது. பாவம், நீங்கள் தொடாத கோப்பைப் பற்றி உங்களிடமே கேட்டு நிற்கும்.

அதனால் கான்ஃபைலுக்குத் தனிச் சொல் வேண்டும். நான் எழுதுவது 'காப்பமைவுக் கோப்பு'. ஓர் உறுத்தல் உண்டு: நீங்கள் கான்ஃபைலை அழித்துவிட்டால், அதையும் உங்கள் மாற்றமாகவே எடுத்துக்கொண்டு, கேட்காமல் டிபிகேஜி திரும்பக் கொண்டுவராது. காப்பதற்கு அங்கே கோப்பே இல்லை! இதைவிட நல்ல சொல் கிடைக்கும்வரை, சரி, இருக்கட்டும்.